பெயர் வேண்டாத கிட்டார்க்காரன்

ஸ்டூடியோவில் அவனுக்குப் பெயர் சத்தம். வாயிலிருந்து சத்தமே வராதவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? குண்டாக இருப்பவனை ஒல்லி என்று கூப்பிடுகிற உலகம்தானே இது. "சத்தம் வந்தாச்சா?" என்று யாராவது கேட்டால், கிட்டார் வாசிக்கிற ஆள் வந்துவிட்டானா என்று அர்த்தம். நாற்பத்தொரு வயது ஆளை அவன் இவன் என்பது மரியாதையில்லைதான். ஆனால் அவர் இவர் என்று சொன்னால், யாரைச் சொல்கிறார்கள் என்று அவனே திரும்பித் தேடுவான். ஆகவே அவன் என்றே இருக்கட்டும்.

பேச வராதா என்றால், வரும். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சிறு வயதிலேயே பார்த்துச் சொல்லிவிட்டார். வீட்டில் அக்காவிடம் பேசுவான். "போதும்டா, காது வலிக்குது" என்று அவள் எழுந்து போகிற அளவுக்குக்கூடச் சில நாள் பேசுவான். வாசற்படியைத் தாண்டினால்தான் வம்பு. முன்பின் தெரியாத ஒருவர் எதிரே நின்று ஏதாவது கேட்டுவிட்டால் போதும், உள்ளங்கை வியர்த்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பதில் தயாராகத்தான் இருக்கும். ஒன்றல்ல, நாலைந்து பதில் இருக்கும். இதைச் சொன்னால் அவர் என்ன நினைப்பார், திரும்ப என்ன கேட்பார், அதற்கு நாம் என்ன சொல்வது என்று இவன் யோசித்து முடிப்பதற்குள், கேட்டவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பார்.

பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது 'உள்ளேன்' என்ற ஒரு சொல் தொண்டையைத் தாண்டாது. கையை மட்டும் தூக்குவான். முன் பெஞ்சில் இருந்த நெட்டைப் பையனின் தலை அந்தக் கையை மறைத்துவிடும். ஆசிரியர் நிமிர்ந்து பார்க்காமல் வராதவன் என்று குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். ஒரு நாள் விடாமல் பள்ளிக்கூடம் போனவன், பதிவேட்டின்படி ஒரு வருஷம் நூற்று நாற்பது நாள் வரவில்லை. அவனைவிட ஏழு வயது மூத்த அக்கா போய், தினமும் டிபன்பாக்ஸ் கட்டிக் கொடுத்தவள் நான், அது காலியாகத் திரும்பி வந்ததைக் கழுவியவளும் நான் என்று சாட்சி சொன்ன பிறகுதான் அடுத்த வகுப்புக்கு ஏற்றினார்கள்.

அந்த அக்காதான் இன்றைக்கும் அவனுக்கு வாய். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள். பல்லைப் பிடுங்கப் பயந்து வாசலோடு திரும்பப் பார்க்கிறவர்களைப் பேசிப் பேசியே நாற்காலிக்கு அனுப்பிவிடுவாள். அந்தக் குடும்பத்துக்கு ஒதுக்கிய பேச்சு முழுவதையும் முதலில் பிறந்தவளே எடுத்துக்கொண்டுவிட்டாள், பின்னால் வந்தவனுக்கு ஒன்றும் மிச்சமில்லை என்று உறவில் ஒரு கேலி உண்டு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அவனுக்கு வருகிற போனை அவள் எடுப்பாள். கதவு தட்டினால் அவள் திறப்பாள். அவள் இல்லாத நேரத்தில் கதவு தட்டினால், தட்டுகிறவர் போகும்வரை இவன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பான்.

தனியாக வெளியே போகிற நாளில் அவன் படும் பாட்டுக்கு அளவில்லை. லிப்டில் வேறு யாராவது ஏறினால், அடுத்த மாடியில் அவசர வேலை இருப்பவன்போல இறங்கி மிச்சத்தைப் படியேறிக் கடப்பான். முடி வெட்டுகிறவர் "போதுமா, இன்னும் கொஞ்சம் எடுக்கவா?" என்று கேட்பார். இரண்டுக்கும் சேர்த்து இவன் தலையை ஆட்டுவான். அவர் இன்னும் கொஞ்சம் எடுப்பார். வருஷத்தில் பாதி நாள் அவன் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம்.

கிட்டார்த் தந்தி வாங்கிய கதை இதைவிட மேல். முதல் தடவை கடைக்குப் போய் மெல்லிய தந்தி செட்டைக் கையால் காட்டினான். கடைக்காரர் பக்கத்திலிருந்த தடித்த செட்டை எடுத்துப் பொட்டலம் கட்டிவிட்டார். 'மாத்திக் கொடுங்க' என்றால் முடிந்தது. சொல்லவில்லை. அடுத்த தடவை இவன் தலையைக் கண்டதுமே கடைக்காரர், "உங்களோடதுதானே?" என்று அதே செட்டை எடுத்து நீட்டினார். அன்றிலிருந்து இன்றுவரை அதுதான் அவனுடையது. அந்தத் தந்தியை அழுத்தி அழுத்தி விரல் நுனி செருப்புத் தோல் மாதிரி ஆனது. ஆனால் அந்தக் கிட்டாரிலிருந்து வேறு யாருக்கும் வராத ஒரு கனத்த நாதமும் வந்தது. இந்த நாதம் எப்படி வருகிறது என்று பெரிய பெரிய ஆட்கள் கேட்டார்கள். வாயைத் திறக்கப் பயந்ததால் வந்தது என்று அவன் யாரிடம் சொல்லுவான்?

கிட்டாரை அவன் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் ஒருவர் எதிரே உட்கார வேண்டுமே. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கேசட்டை ஓடவிட்டு, நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு, பத்து வருஷம் வாசித்தான். இருபத்துமூன்றாவது வயதில் அக்கா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த ஸ்டூடியோவில் நிறுத்தினாள். அவன் சார்பாக அரைமணி நேரம் பேசினாள். பிறகு கிளினிக்குக்கு நேரமாகிவிட்டதென்று விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஸ்டூடியோ ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, நடுவே ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகம். மேலே சுவரெல்லாம் கம்பளம் ஒட்டிய ஓர் அறை. அதில் வாசிக்கிறவர்கள் உட்காருவார்கள். பக்கத்து அறையில் வரிசை வரிசையாகக் குமிழ்கள் கொண்ட பெரிய மேஜை. அதன் முன்னால் ஒலிப்பதிவு செய்கிறவர். இரண்டு அறைக்கும் நடுவே கனத்த கண்ணாடி. அவர் ஒரு பட்டனை அழுத்திப் பேசினால், இந்தப் பக்கம் ஹெட்போனில் கேட்கும்.

ஒலிப்பதிவு செய்கிறவரை எல்லோரும் அண்ணன் என்பார்கள். அவரைவிட மூத்தவர்களும் அண்ணன் என்பார்கள். பட்டனை அழுத்தினால் விடமாட்டார். வெயில், பஸ், அவர் மனைவிக்கும் பக்கத்து வீட்டுக்கும் குப்பைத்தொட்டியால் வந்த தகராறு, எல்லாம் ஹெட்போனில் வரும். முதல் நாள், "ரெடியா தம்பி?" என்று கேட்டார். பதில் இல்லை. திரும்பவும் கேட்டார். இவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விரல் மட்டும் தானாக ஒரு தந்தியை ஒரு முறை மீட்டியது. "அப்ப ரெடி" என்று அவர் பதிவைத் தொடங்கிவிட்டார். வாசித்து முடித்ததும், இன்னொரு தடவை எடுக்கலாமா, இதுவே போதுமா என்று கேட்டார். இன்னொன்று வேண்டாம் என்பதற்காக இவன் இரண்டு முறை மீட்டினான். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரித்தார்.

அவ்வளவுதான், அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு மீட்டல் என்றால் ஆம், இரண்டு என்றால் இல்லை. நிறையப் பேசுகிறவருக்கு, குறுக்கே பேசாமல் பதில் மட்டும் சொல்கிற ஆள் கிடைத்தால் கசக்குமா? அவனுக்கும் வாயைத் திறக்காமல் ஒரு மனிதரோடு பழகுவது வாழ்க்கையில் முதல் தடவை. மற்றவர்கள் வாசிக்க வருவார்கள், போவார்கள். அவனும் அண்ணனும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தபடி ஏழு வருஷம் ஓட்டினார்கள்.

ஏழாவது வருஷக் கடைசியில்தான் அந்தத் தப்பு நடந்தது. அதுவரை சிடி அட்டையின் உள்தாளில் பாடியவர், இசையமைத்தவர், ஒலிப்பதிவு செய்தவர் என்று மூன்று பெயர்தான் வரும். கம்பெனியில் புதிதாக ஒரு முடிவெடுத்தார்கள்: இனிமேல் வாசித்தவர்கள் பெயரும் வரும். அப்போது ஒரு பாடகியின் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பாட்டின் நடுவே நாற்பது விநாடி கிட்டார் மட்டும் தனியாக வரும். அதைத் தொடங்குவதற்கு முன் அண்ணன் பட்டனை அழுத்தினார்.

"சத்தம், இந்தத் தடவை வாசிச்சவங்க பேரெல்லாம் போடறாங்க. உன் பேரையும் போட்டுடவா?"

அவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அண்ணனுக்குத் தெரியாது. வந்தும் வராதவன் என்று எழுதப்பட்டவன் அவன். குரூப் போட்டோவில் யாராவது ஒருவரின் தோளுக்குப் பின்னால் இருப்பவன். அச்சில் பெயர் வந்தால், வாயைத் திறக்காமலே 'உள்ளேன்' என்று ஊருக்கெல்லாம் சொன்ன மாதிரி. அவனுக்கு அது வேண்டும். எதற்காகவும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. மூன்றாவது தந்தியை ஒரு முறை மீட்டினான்.

அன்று காலையில்தான் புதுத் தந்தி மாட்டியிருந்தான். புதுத் தந்தி இழுபடும். சுருதி ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. பதினேழு வருஷம் கிட்டாரோடு கிடந்தவன் கை அதைச் சும்மா விடுமா? புத்தி தடுப்பதற்கு முன்னால், இடது கை கிட்டார்த் தலையிலிருந்த சுருதிச் சாவியைக் கொஞ்சம் முறுக்கியது. வலது கை சரியாகிவிட்டதா என்று இன்னொரு முறை மீட்டிப் பார்த்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணனின் முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு அதில் ஒரு பணிவு வந்தது. "ரெண்டா?" என்றார் மெதுவாக. "சரிப்பா. இந்த மனசு யாருக்கு வரும்?"

இவனுக்கு உயிரே போய்விட்டது. அவசர அவசரமாக ஒரே ஒரு முறை மீட்டினான். அதை அவர், 'தயார், தொடங்கலாம்' என்று எடுத்துக்கொண்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டு ஓடத் தொடங்கிவிட்டது. வாசிக்காமல் என்ன செய்வது? அந்த நாற்பது விநாடியில் ஒரு துக்கம் இருக்கிறது என்று பின்னால் பலர் சொன்னார்கள். இருக்காதா பின்னே?

மறுநாளாவது சொல்லியிருக்கலாம் என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. நாலு சொல்தானே. ஆனால் அந்த நாலு சொல்லைச் சொல்லத் தெரிந்தவன் இரண்டு மீட்டலில் மாட்டிக்கொண்டிருக்கவே மாட்டான். ஒரு நாள் தள்ளினான். ஒரு வாரம் ஆனது. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. அண்ணன் வாயில் ஒரு விஷயம் விழுந்தால் ஊருக்கே பந்தி வைத்த மாதிரிதான். பேர் போட வேண்டாம் என்று சொன்ன பையன் என்று டிரம்ஸ்காரரிடம் சொன்னார், வயலின்காரரிடம் சொன்னார், இசையமைப்பாளரிடம் சொன்னார். அதுவரை அவனைக் கண்டுகொள்ளாதவர்கள் அவன் வந்தால் குரலைத் தாழ்த்தினார்கள். யாராவது தன் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லித் தகராறு செய்தால், "அங்க ஒக்காந்திருக்கான் பார், அவன்கிட்ட கத்துக்கோ" என்று கண்ணாடியைக் காட்டுவார் அண்ணன். அந்தப் பக்கம் இவன் ஒன்றும் சொல்ல முடியாமல் தலையைக் குனிந்துகொள்வான். அதையும் அடக்கம் என்றார்கள்.

ஒரு பத்திரிகையில் அவனைப் பற்றிக் கட்டுரைகூட வந்தது. பெயர் வேண்டாத கலைஞர் என்று தலைப்பு. அவன் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுத்து, கட்டுரையில் எந்த இடத்திலும் அவன் பெயரைப் போடவில்லை. அக்கா அதைப் படித்துவிட்டு, யாரோ உன்னை மாதிரியே ஒரு பைத்தியம் இருக்கிறான் பார் என்று அவனிடமே நீட்டினாள். அது நான்தான் என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. பிறகு முழுக்கதையையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தாள். கொஞ்ச நேரம் திட்டினாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், நீ அழவும் மாட்டாய், பாலும் வேண்டும் என்பாய் என்றாள். நான் போன் செய்து சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று கெஞ்சினான். இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது அக்காவை விட்டுச் சொன்னால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது? சொன்னால் நான்தான் சொல்ல வேண்டும் என்றான். சரி, சொல் என்றாள் அவள். அது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

ஒரு தடவை முயற்சி செய்யாமல் இல்லை. 'என் பெயரையும் போடவும்' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அண்ணன் டீ குடிக்கப் போன நேரத்தில் மேஜையில் வைத்துவிட்டு வந்தான். பெயரைப் போடச் சொல்கிற சீட்டில் தன் பெயரை எழுத மறந்துவிட்டான். டிரம்ஸ்காரர்தான் ஞாபகப்படுத்துகிறார் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். அந்த சிடியில் டிரம்ஸ்காரர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது.

இப்படிப் பதினோரு வருஷம். ஒவ்வொரு சிடி வெளிவரும்போதும் அக்கா ஒன்று வாங்கி வருவாள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து உள்தாளைப் பிரித்து, முதல் வரியிலிருந்து அச்சகத்து விலாசம் வரைக்கும் படிப்பான். இல்லை என்று தெரியும். தெரிந்தும் படிப்பான். எங்கேயாவது யாராவது தவறிப்போய்ப் போட்டிருக்க மாட்டார்களா என்று ஒரு நப்பாசை. படித்து முடித்ததும் அலமாரியில் வைத்துவிடுவான்.

இந்த வருஷத் தொடக்கத்தில் அண்ணன் பட்டனை அழுத்தி ஒரு செய்தி சொன்னார். இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காதை நம்பி இனிமேல் அடுத்தவர் பாட்டில் கை வைப்பது நியாயமில்லை, இந்தப் பாடகியின் பதிவோடு முடித்துக்கொள்கிறேன், வேறு ஊரில் இருக்கிற மகள் வீட்டோடு போய்விடுவோம் என்றார். அவருக்குப் பதிலாக யாரோ புது ஆள் வரப்போகிறார். பாடகி, அந்த நாற்பது விநாடிப் பாட்டைப் பாடிய அதே பாடகிதான். உள்தாளுக்கான பட்டியலை எப்போதும்போல அண்ணன்தான் எழுதிக் கொடுப்பார்.

அன்று வீட்டுக்கு வந்து அவன் அக்காவிடம் சொன்னான்: இந்தத் தடவை விட்டால் போச்சு. புது ஆளிடம் போய், எல்லோரும் பதினோரு வருஷமாகச் சொல்வது பொய் என்று என்னால் இந்த ஜென்மத்தில் சொல்ல முடியாது. அண்ணனிடம் முடிந்தால்தான் உண்டு.

அக்கா விஷயத்தைக் கையில் எடுத்தாள். ஒன்பது நாள் ஒத்திகை. கிளினிக்கிலிருந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையில் மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்திப் போட்டுக்கொண்டு, அண்ணன் மாதிரி உட்கார்ந்துகொள்வாள். அவன் சமையலறையிலிருந்து நடந்து வந்து சொல்ல வேண்டும். முதலில் அவன் எழுதி வைத்திருந்தது பன்னிரண்டு வரி. அதில் மூன்று மன்னிப்பு இருந்தது. மன்னிப்பையெல்லாம் அவள் அடித்துவிட்டாள். மிஞ்சியது ஒரே வாக்கியம்: அண்ணே, என் பேரையும் போடுங்க. அதை அவன் அவளிடம் நூறு தடவை பிழையில்லாமல் சொன்னான். அவளிடம் சொல்வதற்கு என்ன, எப்போதும் சொல்லக்கூடியவன்தானே.

கடைசி நாள் மதியம் மூன்று மணிக்கு வேலை முடிந்தது. பாடகி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். டிரம்ஸ்காரரும் வயலின்காரரும் அண்ணனிடம் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். அவன் வழக்கமாக வாசிக்கும் அறைக் கதவு வழியாகவே படியிறங்கிவிடுவான். அன்று கிட்டாரைப் பெட்டியில் வைத்துவிட்டு, நடுக் கதவைத் திறந்துகொண்டு அண்ணனின் அறைக்குள் போனான். பதினெட்டு வருஷத்தில் அந்த அறைக்குள் அவன் கால் வைத்தது ஏழெட்டுத் தடவை இருக்கும்.

அண்ணன் குனிந்து பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். அவன் பக்கத்தில் போய் நின்றான். மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல், ஒத்திகையில் சொன்னதைவிட நன்றாகச் சொன்னான். அண்ணன் எழுதிக்கொண்டே இருந்தார். நின்றது இடது காதுப் பக்கம் என்று அவனுக்கு அப்புறம்தான் உறைத்தது.

அந்த இடத்தில் அவன் திரும்பிப் போயிருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். போகவில்லை. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தான்.

"அண்ணே, என் பேரையும் போடுங்க."

அண்ணன் பேனாவைக் கீழே வைத்தார். யார் பேசியது என்று வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, பிறகு அவனைப் பார்த்தார். அவர் வாயடைத்து இருந்ததை அவன் அன்றுதான் முதலில் பார்த்தான். அதுவே அவனுக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்திருக்க வேண்டும். திக்கித் திணறி மிச்சத்தையும் சொன்னான். அன்றைக்கு இரண்டு முறை மீட்டவில்லை, ஒரு முறைதான், இரண்டாவது சுருதி பார்த்தது என்றான்.

"மூணாவது தந்தியா?" என்று கேட்டார் அண்ணன்.

"ஆமாண்ணே."

"அன்னைக்குப் புது செட் மாட்டிட்டு வந்திருந்தே."

"ஆமா."

"எறங்கிருந்துச்சு. எனக்கே காதுல பட்டுச்சு" என்றார் அவர். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தார். பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. பட்டியலை எடுத்து, கிட்டார் என்று எழுதி, அதற்கு நேராக அவன் பெயரை எழுதினார். ஒரு பிழையும் இல்லாமல், அவன் பள்ளிக்கூடச் சான்றிதழில் இருக்கிற மாதிரியே எழுதினார். முதல் வருஷம் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதாம். எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

"நான் ஒண்ணு சொன்னா வருத்தப்படாத" என்றார். "அன்னைக்கு வீட்டுக்குப் போய் ரொம்ப நேரம் யோசிச்சேன். வாசிச்சவனே வேண்டாங்கறான், பட்டன் அமுக்கறவனுக்குப் பேர் எதுக்குன்னு தோணிச்சு. அன்னையிலேருந்து என் பேரையும் நான் போடலப்பா."

அவனுக்கு முதலில் புரியவில்லை. அவர் மனைவி இதற்காக வருஷக்கணக்கில் சண்டை போட்டதையும், மகள் தன் சிநேகிதிகளிடம் காட்டுவதற்கு ஒரு புது சிடிகூட இல்லை என்று குறைப்பட்டதையும் அவர் சொல்லிக்கொண்டே போனார். கோபமாகச் சொல்லவில்லை. குப்பைத்தொட்டித் தகராறைச் சொல்கிற அதே குரலில்தான் சொன்னார்.

"நாம ரெண்டு பேரும் சேந்து செய்யற ஒரு காரியம்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். "சரி, போகட்டும்."

பதினோரு வருஷம். வந்த உள்தாள் ஒவ்வொன்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தவன் அவன். ஒரு பெயரைத் தேடித்தான் படித்தான். இன்னொரு பெயர் காணாமல் போனது அவன் கண்ணில் படவேயில்லை. இத்தனை காலமும் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று வருந்தியவனுக்கு, தான் யாரைப் பார்த்தோம் என்று யோசிக்கத் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது. வழக்கமாக வருகிற வெட்கம் இல்லை இது.

பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அதில் அவன் பெயர் இருந்தது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் பார்வை அதில் நிற்கவில்லை. மூடி வைத்த பேனாவைத் திறந்தான். விடப்பா, எனக்குப் பழகிவிட்டது என்று அண்ணன் தடுத்தார். அவன் கேட்கவில்லை. தன் பெயருக்குக் கீழே, ஒலிப்பதிவு என்று எழுதி ஒரு கோடு போட்டான்.

கோட்டோடு கை நின்றுவிட்டது.

அண்ணன். ஸ்டூடியோ அண்ணன். வீட்டில் அக்கா போன் வந்ததைச் சொல்லும்போதும் அண்ணன்தான். முதல் ஏழு வருஷத்து சிடிகள் அலமாரியில்தான் இருக்கின்றன. அவற்றில் இவர் பெயர் அச்சாகித்தான் இருக்கிறது. அதில் ஒன்றையாவது அவன் பிரித்துப் படித்திருக்கலாம். அப்போது தன் பெயர் வருகிற காலம் இல்லை. ஆகவே பிரித்துப் பார்த்ததில்லை.

அண்ணன் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வாக்கியத்துக்கு ஒத்திகை எதுவும் இல்லை.

"அண்ணே, உங்க பேர் என்ன?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"பதினெட்டு வருஷத்துல நீ என்கிட்ட கேட்ட மொதக் கேள்விப்பா இது" என்றார்.

பிறகு சொன்னார். பிழை வந்துவிடக் கூடாதென்று ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவன் எழுதினான்.